இழை அறுந்தால் தறியை நிறுத்து!

மதுரை செல்லூரில் தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவனுக்கு ஒரு காது உண்டு.

நாலு விசைத்தறி ஒரே கொட்டகைக்குள் தடதடக்கும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு தறியின் தாளம் இம்மி பிசகினால் போதும், உனக்குத் தெரிந்துவிடும்.

உடனே கை நீளும். தறி நிற்கும்.

குனிந்து பார்ப்பாய். பாவில் ஒற்றை இழை அறுந்திருக்கும். தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, விழுதில் கோத்து, அச்சில் கோத்து, மறுபடி ஓட விடுவாய்.

நிறுத்தாமல் ஓட்டினால் என்ன ஆகும்? துணி நெடுகக் கோடு விழும். நாள் முழுக்க உழைத்தது கழிவாகப் போகும்.

இதை உனக்கு எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்தப் புத்தகத்தில் படித்தாய்?

அப்படிப்பட்ட காது, செல்போன் அடிக்கும்போது மட்டும் எங்கே போகிறது?

சாயங்காலம் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. ‘உங்கள் முந்தைய மாத மின்கட்டணம் பதிவாகவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும். உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்.’ கீழே பத்து இலக்க எண்.

உனக்கு அடிவயிறு கலங்குகிறது. கரண்ட் போனால் தறி போச்சு. தறி போனால் கூலி போச்சு.

விரல் தானாக அந்த எண்ணை அழுத்தப் போகிறது.

நில்! இழை அறுந்த சத்தம் கேட்கவில்லையா?

‘முந்தைய மாதக் கட்டணம்’ என்கிறானே, தமிழ்நாட்டில் வீட்டுக்கும் தறிக்கும் ரீடிங் எடுப்பது எப்போது? இரண்டு மாதத்துக்கு ஒரு முறை! உன் வீட்டு அட்டையில் கணக்கு அப்படித்தானே இருக்கிறது? மாதாமாதம் பில் வருகிற வேறு ஏதோ மாநிலத்துக்கு எழுதிய பொய்யை அப்படியே உனக்கும் அனுப்பியிருக்கிறான்.

இரவு ஒன்பதரை மணிக்கு லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி உன் தெருவில் யாருக்காவது ஃபியூஸைப் பிடுங்கி நீ பார்த்திருக்கிறாயா? ஒரு தடவையாவது?

2022-ல் இந்தச் செய்தி தமிழ்நாடு முழுக்கப் பறந்தது. இது மோசடி என்று மின்வாரியமே அறிவித்தது. ஆனாலும் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டவர்கள் உண்டு. கூப்பிட்டதும் ‘சின்னதாக ஒரு செயலியை ஏற்றுங்கள், பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள், சரியாகிவிடும்’ என்றான் எதிர்முனையில் இருந்தவன். அந்தச் செயலி அவர்களுடைய போன் திரையை அவன் கண் முன்னால் விரித்து வைத்தது. பத்து ரூபாய் கட்டப் போனவர்கள் கணக்கில் இருந்த மொத்தத்தையும் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

பொய்யைக் கண்டுபிடிக்கத் தேவையான அறிவு உன்னிடம் ஏற்கெனவே இருந்தது. நீ அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்!

‘நான் படிக்காதவன். கம்ப்யூட்டர் தெரியாது. என்னால் என்ன செய்ய முடியும்?’

இந்தப் பாட்டை நிறுத்து! இன்றோடு நிறுத்து!

உன் தறியில் ஓடுகிற நூல் மாதிரி லட்சக்கணக்கான கட்டு நூலை நூற்றுத் தள்ளுகிற பெரிய நிறுவனம் வர்த்தமான் குழுமம். லூதியானாவில் இருக்கிறது. அதன் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால். பத்மபூஷண் பெற்றவர்.

2024 ஆகஸ்ட் கடைசியில் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 82.

மத்தியப் புலனாய்வு அதிகாரி என்றார்கள். பணமோசடி வழக்கில் உங்கள் பெயர் இருக்கிறது என்றார்கள். காணொலி அழைப்பில் கண்காணிப்பில் வைத்தார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றார்கள். கைது ஆணை காட்டினார்கள்.

அடுத்து உச்ச நீதிமன்றத்தையே காட்டினார்கள்! தலைமை நீதிபதி பேசுவதாகச் சொன்னார்கள். முகம் தெரியவில்லை. குரல் கேட்டது. சுத்தியல் தட்டுகிற சத்தம் கேட்டது.

7 கோடி ரூபாய் போனது.

அவருக்குப் படிப்பு இல்லையா? வக்கீல்கள் இல்லையா? ஆங்கிலம் தெரியாதா? எது குறைந்தது?

ஒரு நிமிடம். தறியை நிறுத்துகிற அந்த ஒரு நிமிடம்தான் குறைந்தது!

அந்தச் சுத்தியல் சத்தத்தைக் கவனித்தாயா? நம் நாட்டு நீதிமன்றங்களில் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவது வழக்கமே கிடையாது. அது சினிமாவில் வருவது. மதுரை நீதிமன்றத்துக்கு ஒரு வாய்தாவுக்குப் போய் வந்தவன் அதைக் கேட்டிருந்தால், ‘என்னய்யா இது, சினிமா கோர்ட்டு மாதிரி இருக்கு?’ என்று முகம் சுளித்திருப்பான்.

அந்த ஆள் நீயாக இருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், படிப்பைக் காரணம் காட்டாதே.

திருடன் உன் அறிவோடு மோத வருவதில்லை. உன் பயத்தோடு கைகுலுக்க வருகிறான்.

பயப்படுவது தப்பா? இல்லை. போலீஸ் என்றால் பயம். கோர்ட் என்றால் பயம். பேங்க் மேனேஜர் என்றால்கூடப் பயம். பரம்பரையாக அதிகாரத்துக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நின்ற ஜனத்துக்கு அந்தப் பயம் ரத்தத்தில் இருக்கிறது. அது அவனுக்குத் தெரியும். அதைத்தான் அவன் முதலீடாகப் போட்டுத் தொழில் செய்கிறான்.

பயம் வரட்டும். கை நடுங்கட்டும். நடுங்குகிற கையாலேயே போனை வை!

‘டிஜிட்டல் கைது’ என்கிறானா? இந்திய நாட்டில் அப்படி ஒரு கைது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் இதைச் சொன்னார். எந்த விசாரணை அமைப்பும் போனிலோ வீடியோ அழைப்பிலோ இப்படி விசாரிப்பதில்லை என்றார்.

கைது என்றால் ஆள் வர வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அரசியலமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு உனக்குக் கொடுத்த உரிமை அது. உனக்கு! செல்லூரில் தார் சுற்றுகிற உன் அம்மாவுக்கும்!

பணம் கட்டினால் வழக்கு முடியும் என்று எந்த நேர்மையான போலீஸ்காரன் போனில் சொல்வான்? ‘விசாரணைக்காக உங்கள் பணத்தை ரிசர்வ் வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள், சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம்’ என்கிறானே, உன் பணத்தைச் சரிபார்க்க அது அவன் கைக்கு ஏன் வர வேண்டும்?

கேள்! வாய்விட்டுக் கேட்கக்கூட வேண்டாம். மனதுக்குள் கேட்டாலே போதும்.

‘இந்தியில் மிரட்டினான். எனக்கு இந்தி தெரியாது. அதனால் பயந்துவிட்டேன்.’

இந்தி தெரியாததா உன் குறை? அதுதான் உன் கேடயம்! புரியாத மொழியில் கத்துகிறவனுக்கு நீ ஏன் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறாய்? உன் மேல் வழக்கு இருந்தால் சம்மன் உன் வீட்டு வாசலுக்கு வரும். உன் தெரு ஏட்டையாவுக்குத் தமிழ் தெரியும்.

இதைவிட ஆபத்தானவன் தமிழில் பேசுகிறவன். ‘அம்மா, சாப்டீங்களா?’ என்று ஆரம்பிப்பான்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். பல பெண்களுக்கு முதல் முறையாகத் தன் பெயரில், தன் கணக்கில், தன் பணம். அந்தச் சூடு ஆறுவதற்குள் போன் வந்தது. ‘பணம் ஏறிடுச்சாம்மா? உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க.’

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், அரசாங்கம் போனில் அதைக் கேட்காது என்று அரசே எச்சரிக்க வேண்டி வந்தது.

அக்கா, அந்த நம்பர் என்ன தெரியுமா? உன் வீட்டுப் பீரோச் சாவி. சொந்தத் தம்பி கேட்டாலே ‘எதுக்குடா?’ என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பாய். முகம் தெரியாதவனுக்கு ஏன் கேள்வி கேட்காமல் கொடுக்கிறாய்?

யூபிஐ பின் எண்ணும் அப்படித்தான். பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஒருபோதும் இல்லை! பின் எண்ணை அழுத்துகிறாய் என்றால் உன் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம். ‘பணம் அனுப்புகிறேன், பின் போடுங்கள்’ என்பவன் வாயைத் திறந்தவுடனேயே இழை அறுந்துவிட்டது.

இங்கே என் கோபத்தையும் சொல்லியாக வேண்டும். வங்கிகளிடமிருந்து உனக்கு வருகிற எச்சரிக்கைச் செய்திகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் வருகின்றன. ஏமாற்றுகிறவன் தமிழில் வருகிறான். அழகான, பணிவான, நம் வீட்டுத் தமிழில் வருகிறான். காப்பாற்ற வேண்டியவன் உன் மொழியில் பேசாதபோது, கெடுக்க வந்தவன் பேசினால் மனசு அவன் பக்கம் சாயத்தானே செய்யும்? இந்த அநியாயம் மாற வேண்டும்.

ஆனால் அது மாறும்வரை நீ ஏமாந்துகொண்டே இருக்கப் போகிறாயா?

செல்லூர் ரவுண்டானாவில் கபடி வீரர்கள் சிலையாக நிற்கிறார்களே, தினமும் அதைச் சுற்றித்தானே போய் வருகிறாய்?

பாடி வருகிறவன் எப்படி வருவான்? மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று வருவான். நிறுத்த முடியாது. நிறுத்தினால் அவன் அவுட்.

போனில் வருகிறவனும் அப்படித்தான். அவன் ஏன் இடைவெளியே விடாமல் பேசுகிறான்? ‘லைன்லயே இருங்க, கட் பண்ணாதீங்க, கட் பண்ணினா உடனே போலீஸ் வரும்’ என்று ஏன் கெஞ்சலும் மிரட்டலுமாகச் சொல்கிறான்?

அவனுக்கு மூச்சு போய்விடும்! அதனால்தான்!

அவன் மூச்சு எது தெரியுமா? உன் ‘ம்’. உன் ‘சரிங்க சார்’. நீ ஒவ்வொரு தடவை ‘சொல்லுங்க சார்’ என்னும்போதும் அவனுக்கு ஒரு மூச்சை ஊதிக் கொடுக்கிறாய். நீ போனை வைத்தால் அவன் உன் கோட்டுக்குள்ளேயே மூச்சு முட்டி விழுவான்.

‘எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போது பட்டென்று வைப்பது மரியாதையா?’

இதுதான் நம்மை அதிகம் கவிழ்க்கிறது. பயத்தைவிடவும் இதுதான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, மூஞ்சியில் அடித்த மாதிரி பேசாதே, வந்தவர்களுக்குத் தண்ணி கொடு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். நல்ல வளர்ப்பு அது. வாசலுக்கு வந்த மனிதனுக்கு உரிய மரியாதை அது.

ஓட்டைப் பிரித்து இறங்குகிறவனுக்கும் தண்ணி கொடுப்பாயா?

எத்தனை பெண்கள் தப்பென்று தெரிந்தும் போனை வைக்கத் தயங்கியிருக்கிறார்கள்! எத்தனை முதியவர்கள் ‘கோபித்துக்கொள்வாரோ’ என்று எண்ணிக் கடைசி இலக்கம்வரை சொல்லியிருக்கிறார்கள்!

உனக்கு ஒரு வாக்கியம் தருகிறேன். மனப்பாடம் செய். ‘நான் ஸ்டேஷனுக்கே வந்து பேசிக்கிறேன்.’ அல்லது, ‘நான் பேங்க்குக்கே வந்து பேசிக்கிறேன்.’ அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். வை!

உண்மையிலேயே வங்கிதானோ என்ற சந்தேகமா? இருக்கட்டும். ஏடிஎம் அட்டையைத் திருப்பு. பின்னால் அச்சிட்ட எண் இருக்கும். நீயாக அதற்குக் கூப்பிடு. வாடிக்கையாளருக்குச் செய்கிற சேவை அழைப்புகளை 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து ‘வங்கித் தலைமை அலுவலகம்’ பேசுகிறது என்றால் அதிலேயே தாளம் தப்பிவிட்டது.

அவன் தருகிற எண்ணுக்குக் கூப்பிட்டு அவனையே விசாரிக்காதே. அது திருடனிடம் போய் ‘நீ திருடனா?’ என்று கேட்பது.

சரி, மின்னஞ்சல்?

அது தறிக்கூடத்துக்கு வராது, கல்லூரி முடித்த உன் பிள்ளைக்கு வரும். தம்பி, இது உனக்கு.

எழுத்துப் பிழை இருந்தால் மோசடி என்று உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை மறந்துவிடு! இப்போது செயற்கை நுண்ணறிவை வைத்துப் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். சின்னம் சரியாக இருக்கும். கையெழுத்து சரியாக இருக்கும். முகவரியின் வாலைப் பார். வாலில்தான் உண்மை இருக்கும்.

முன்னால் வங்கிப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். இணையதளப் பெயரைக் கடைசியிலிருந்து படி. இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிகிற முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. அந்த வால் வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். உன் வங்கித் தளம் என்று வந்த இணைப்பின் வால் வேறாக இருந்தால் தொடாதே.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வருகிறது. போக்குவரத்து அபராத ரசீது வருகிறது. திறந்து பார்த்தால் ஏபிகே என்று முடிகிற கோப்பு. பத்திரிகை எதற்குச் செயலியாக வர வேண்டும்? மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்கோடு வருவார்கள், இல்லையென்றால் படமாக அனுப்புவார்கள். நிறுவச் சொல்லிக் கேட்கிற பத்திரிகை உன் குறுஞ்செய்திகளைப் படிக்கத்தான் வருகிறது.

கடிதம் எழுதி ஏமாற்றுவது ஒன்றும் புதிய வித்தை இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் ‘ஸ்பானியக் கைதி’ என்ற கடிதம் சுற்றியது. சிறையில் ஒரு பணக்காரர் வாடுகிறார், அவரை மீட்கக் கொஞ்சம் பணம் அனுப்பு, புதையலில் பங்கு தருகிறோம் என்பது கதை. அதே கதை மின்னஞ்சலில் நைஜீரிய இளவரசனாக வந்தது. இன்று உனக்கு ‘தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை’ என்று வருகிறது.

இந்தக் கடைசிக் கடிதம் பணத்தோடு நிற்காது. ஆளையே விழுங்கும்.

தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழகப் பிள்ளைகளை எல்லை கடத்தி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோனார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். முள்வேலிக்குள் உட்கார வைத்து, ஊர் உலகத்தை ஏமாற்றுகிற வேலையைச் செய்யச் சொன்னார்கள். மறுத்தவர்களை அடித்தார்கள். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள்.

யோசித்துப் பார். உன்னை மிரட்டுகிற குரல், சில நேரம், உன்னைப் போலவே ஒரு விளம்பரத்தை நம்பிப் போய்ச் சிக்கிய ஒரு பிள்ளையின் குரலாக இருக்கலாம். நீ பணம் கொடுத்தால் அவன் விடுதலையாவானா? மாட்டான். அவனைக் கட்டி வைத்திருக்கிறவன் இன்னும் கொழுப்பான்.

போனை வைப்பது அவனுக்கும் செய்கிற நன்மைதான்.

வேலை வேண்டுமா? தேடு! அலை! நூறு படி ஏறு! ஆனால் வேலை கொடுக்கிறேன் என்பவன் உன்னிடம் பணம் கேட்டால் அந்தப் படியில் நிற்காதே. உழைப்புக்குக் கூலி வாங்குகிற தெருவில் பிறந்தவன் நீ. கூலி கொடுத்து வேலைக்குப் போன நெசவாளியை உன் தாத்தா பார்த்திருக்கிறாரா?

இன்னொன்றையும் கேட்டுக்கொள். ‘உன் பேங்க் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாளைக்குக் கொடு, மாசம் அஞ்சாயிரம் தர்றேன்’ என்று டீக்கடையில் ஒருவன் கேட்பான். நண்பனின் நண்பனாக வருவான். திருடிய பணம் முதலில் போய் விழுகிற இடம் அந்த வாடகைக் கணக்குதான். 2024 டிசம்பரில் தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு ‘ஆபரேஷன் திரைநீக்கு’ என்று வலை விரித்து 76 பேரைப் பிடித்தது. அஞ்சாயிரத்துக்குச் சிறையை வாங்காதே!

இனி நான் சொல்லப் போவது, ஏற்கெனவே பணத்தை விட்டவனுக்கு.

நீ யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதைப் படிக்கிறவர்களில் நீ இருக்கிறாய். வீட்டில் சொல்லவில்லை. பொண்டாட்டிக்குத் தெரியாது. சீட்டுப் பணம், நகைக் கடன் பணம், பிள்ளை ஃபீஸ் பணம். இரவில் தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாய்.

‘சொன்னால் ஊர் சிரிக்கும்.’

யார் சிரிப்பது? 2024-ல் மட்டும் இணையக் குற்றங்களில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சகம் கொடுத்த கணக்கு இது. அதற்கு முந்தைய ஆண்டில் 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு! இவ்வளவு பேரும் முட்டாள்களா?

சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நீ வெட்கப்பட்டு மூடி வைக்கிற ஒவ்வொரு நிமிடமும் திருடன் தப்பிக்கிற நிமிடம்!

வெட்கப்பட வேண்டியவன் திருடன். நீ எதற்குத் தலை குனிகிறாய்?

ஓஸ்வால் என்ன செய்தார்? போலீசுக்குப் போனார். தனக்கு நடந்ததை ஊரறியச் சொன்னார். 7 கோடியில் 5.25 கோடியைப் போலீஸ் மீட்டது. அவர் மானத்தைப் பார்த்து வாயை மூடியிருந்தால் ஒரு ரூபாய் திரும்பியிருக்குமா?

ஹரியானாவின் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதி. டிஜிட்டல் கைது என்று மிரட்டி ஒரு கோடிக்கு மேல் பறித்துவிட்டார்கள். மூலையில் உட்கார்ந்து அழவில்லை அவர்கள். உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார்கள். நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நாடு முழுவதும் நடந்த டிஜிட்டல் கைது மோசடிகளைச் சிபிஐ விசாரிக்க 2025 டிசம்பர் 1 அன்று உத்தரவிட்டது.

இரண்டு கிழங்கள் எழுதிய கடிதம் இந்தத் தேசத்தையே அசைத்தது! உன்னால் நாலு இலக்கம் அழுத்த முடியாதா?

1930.

இது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் போன அடுத்த நிமிடம் இதை அழுத்து. அழுவதற்கு முன்னால் அழுத்து! ஏன் இத்தனை அவசரம்?

உன் பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. அங்கிருந்து நாலு கணக்கு, நாலிலிருந்து நாற்பது, கடைசியில் எங்கோ ஒரு ஏடிஎம்மில் ரொக்கம். நீ சொன்னதும் தகவல் வங்கியிலிருந்து வங்கிக்குப் பாய்கிறது. பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்குகிறார்கள். ஓடுகிற பணத்துக்கும் உன் அழைப்புக்கும் நடக்கிற ஓட்டப் பந்தயம் இது. நீ அழுதுகொண்டு உட்கார்ந்தால் அது ரொக்கமாகிவிடும்.

பணம் போன நேரம், தொகை, செய்தியில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். இவை போதும். செய்தியை அழிக்காதே. அவமானத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிறவர்கள்தான் போலீசின் கையையும் கட்டிவிடுகிறார்கள்.

கையோடு உன் வங்கிக்கும் சொல். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இருக்கிறது. உன் அனுமதி இல்லாமல் பணம் போயிருக்கிறது, உன் மேலும் வங்கி மேலும் தவறில்லை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உனக்கு நஷ்டமே கிடையாது. நீயே ஓடிபியைக் கொடுத்துத் தவறு செய்திருந்தாலும், நீ புகார் சொன்ன பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. கவனி: புகார் சொன்ன பிறகு! உன் வாய் திறக்கிற நேரம்தான் கணக்கின் கோடு.

இன்னுமா யோசிக்கிறாய்?

மறுபடி அந்தக் கபடி மைதானத்துக்கு வா. பாடி வருகிறவனை ஒற்றை ஆளாகப் பிடிக்கப் போனால் உதறிவிட்டுப் போவான். கையோடு கை கோத்து நிற்கிறவர்களிடம் வந்து மாட்டினால்? நகர மாட்டான்.

அதனால்தான் அவன் முதலில் உன் கையைப் பிரிக்கிறான். ‘யாரிடமும் சொல்லாதே. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள். மகனிடம் சொன்னால் அவனையும் வழக்கில் சேர்ப்போம்.’

செல்லூரில் ரகசியமா! சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. இந்த வீட்டில் குழம்பு தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தெருவே தெர்மாமீட்டரோடு வரும். அதைத் தொந்தரவு என்று எத்தனை நாள் அலுத்துக்கொண்டிருக்கிறாய்? அதுதான் உன் கோட்டை! கதவைச் சாத்தச் சொல்கிறவன் சொன்ன அடுத்த நொடி கதவைத் திற. வாசலுக்கு வா. ‘மதினி, இங்க கொஞ்சம் வாங்க, எவனோ என்னமோ சொல்றான்’ என்று சத்தமாகக் கூப்பிடு.

அதோடு அவன் ஆட்டம் முடிந்தது.

நாளைக்கு என்று தள்ளாதே. இன்று ராத்திரி செய்ய வேண்டியது இருக்கிறது.

ஒரு சாக்பீஸ் எடு. தறிக்கொட்டகைச் சுவரில், சுவிட்ச் பெட்டிக்கு மேலே, கண்ணில் படுகிற உயரத்தில் எழுது: 1930. சமையல்கட்டுக் காலண்டரிலும் எழுது.

எழுதிவிட்டு வெளியே போ. உன் அம்மாவுக்குத் தெரியாத ஒரு எண்ணிலிருந்து, நண்பன் போனிலிருந்து, அம்மாவைக் கூப்பிடு. குரலை மாற்று. ‘நாங்க பேங்க்ல இருந்து பேசறோம்மா. உங்க கார்டு இன்னிக்கு ராத்திரியோட லாக் ஆகுது. நம்பர் வரும், சொல்லுங்க’ என்று சொல்.

சொல்லிவிடுகிறாளா? கோபப்படாதே. வீட்டுக்குப் போ. பக்கத்தில் உட்கார். அறுந்த இழையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சின்ன வயதில் அவள் உனக்குக் காட்டினாளே, அதே பொறுமையோடு நீ அவளுக்குக் காட்டு. ரெண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிடு. வேறு கதை சொல். பார்சலில் போதைப்பொருள் என்று சொல். உன் மகன் விபத்தில் சிக்கிவிட்டான் என்று மட்டும் சொல்லாதே, அந்த வேதனையை ஒத்திகைக்குக்கூட அவளுக்குக் கொடுக்காதே. அப்படியும் ஒருவன் சொல்வான் என்பதை மட்டும் பக்கத்தில் இருந்து எடுத்துச் சொல்.

மூன்றாம் தடவை கூப்பிடு. நாலாம் தடவையும் கூப்பிடு.

நீ பாதி பேசிக்கொண்டிருக்கும்போதே, ‘பேங்க்குக்கே வந்து பேசிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு அவள் பட்டென்று வைக்கிற சத்தம் உன் காதில் விழும்வரை, விடாதே!